ரிஃப்கா எழுந்து நின்ற புதன்கிழமை

கொரியாக்காரர்கள் பதினோரு பேர் நஸ்லத் துமாஸ் கிராமத்தில் வந்து இறங்கியது ஆகஸ்டு மாதம், மாதா நோன்பு தொடங்கியிருந்த வாரம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒன்று. சுவிசேஷக் கோயில் வாசலில் இறங்கியதும் இரண்டு பேர் வெயிலை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நோன்பு வாரத்தில் அவர்களுக்குக் கோழி அடித்துப் போட்டார்கள் என்று நோன்பிருக்கிற பழைய சபைக்காரர்களின் பெரிய கோயில் தெருவில் அன்றைக்கே பேச்சாகிவிட்டது.

மக்ரமின் காதில் இதெல்லாம் மறுநாள் மத்தியானம்தான் விழுந்தது. அவன் குவாரிக்காரன். விடியுமுன்னே லாரியேறி மலைக்குப் போய், ரம்பம் அறுத்துத் தள்ளும் வெள்ளைக்கல்லைக் குனிந்து குனிந்து அடுக்கி ஏற்றிவிட்டு, வெயில் உச்சிக்கு வரும்போதுதான் ஊர் திரும்புவான். புருவம், இமை, காதுமடல் எல்லாம் மாவில் புரட்டியது போல இருக்கும். மற்ற குவாரிக்காரர்கள் வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள். மக்ரமுக்கு அப்போதுதான் இரண்டாவது வேலை ஆரம்பிக்கும்.

அவன் பெண்டாட்டி ரிஃப்கா விழுந்து நாலு வருஷமாகிறது. மாடியில் காயப்போட்ட சோளத்தட்டையைச் சுமந்துகொண்டு ஏணியில் இறங்கியவள், பாதிப் படியில் தவறிவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே அவள் சொன்ன பேச்சு எதையும் கால்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து பாய்தான். மக்ரம்தான் அவளைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவான், குளிப்பாட்டுவான், தலை கழுவிவிடுவான். மாவு பிசைந்து, வெந்தயம் சேர்த்து, காய்ந்தால் மொறுமொறுக்கும் பத்தாவ் ரொட்டியை மரப்பலகையில் தட்டி அடுப்புக்குள் வீசுவான். ஆம்பிளை அடுப்படியில் குந்தியிருப்பதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, அப்புறம் சிரித்தது, அப்புறம் மறந்துவிட்டது.

அந்த மத்தியானம் அவன் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே மகள் இரினி பின்னால் வந்து நின்றாள். பதின்மூன்று வயது. எதையாவது கேட்க வந்தால் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள்.

"அப்பா, கொரியாக்காரங்க குடும்பப் படம் எடுத்து, சட்டம் போட்டுக் கையில குடுக்கறாங்களாம். நம்ம வீட்ல ஒரு படம்கூட இல்லப்பா."

"உங்கம்மா எப்படி வருவா?"

"ஆட்டோல. அங்க ஊசி வைத்தியமும் பண்றாங்களாம். மருந்து ஊசி இல்ல, முடி மாதிரி ஊசியாம். வலிக்காதாம்."

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே மக்ரமின் அக்கா வர்தாவின் தலை எட்டிப் பார்த்தது. அவளுக்கு எப்போதும் காது இந்தப் பக்கம்தான்.

"சுவிசேஷக்காரன் கோயிலுக்கா? நோன்பும் அதுவுமா? நம்ம கோயில் பாதிரியார் அபூனாவுக்குத் தெரிஞ்சா என்னடா சொல்லுவார்?"

"படம் எடுக்கத்தான்க்கா போறோம். மதம் மாறவா போறோம்?"

"முதல்ல படம்பாங்க" என்றாள் வர்தா.

பாயில் உட்கார்ந்து மொலோகியாக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்த ரிஃப்கா தலை நிமிரவில்லை. "பிள்ளை ஆசைப்படுது. போய்ட்டு வந்துரலாம் இரினி அப்பா" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் போனார்கள். கோயில் கூடத்தில் சந்தை மாதிரி இரைச்சல். ஒரு மூலையில் பிள்ளைகளின் கன்னத்தில் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் நீலத்துணி கட்டிப் படம் எடுத்தார்கள். மூன்று பேரையும் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார்கள். மக்ரம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தான். படம் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார்கள்.

அதற்கப்புறம் ரிஃப்காவின் தலையைக் கழுவ ஒரு பெண் வந்தாள். இருபது வயதுதான் இருக்கும், யூன்சோ என்று பேர். வந்த அன்று வாந்தி எடுத்தவள் அவள்தான். ரிஃப்காவின் கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, தண்ணீரைக் கையில் வாங்கி வாங்கி ஊற்றினாள். விரல் நுனியால் தலையோட்டை மெல்லத் தேய்த்தாள். ரிஃப்கா கண்ணை மூடிக்கொண்டாள். மக்ரம் வாசலில் நின்று பார்த்தான். அவன் தலை கழுவினால் பாத்திரம் கழுவுவது போல மூன்று சொம்பில் முடிந்துவிடும். இதில் இவ்வளவு நேரம் செலவழிக்க இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அந்தப் பெண் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். கூட்டத்துத் தலைவர் லிம் என்ற பெரியவர் அதை இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கோயில் போதகர் அயாத் அதை அரபியில் சொன்னார்.

"உங்க முடி இவங்க அம்மா முடி மாதிரியே இருக்காம்."

"அம்மா நல்லாருக்காங்களா, கேளுங்க" என்றாள் ரிஃப்கா.

கேள்வி இரண்டு படி ஏறிப் போய், பதில் இரண்டு படி இறங்கி வந்தது. "போன வருஷம் தவறிட்டாங்களாம். ரொம்ப நாள் படுக்கையில இருந்தாங்களாம்."

ரிஃப்கா கண்ணைத் திறந்து அந்தப் பெண்ணைத் தலைகீழாகப் பார்த்தாள்.

ஊசி வைத்தியமும் லிம்தான் செய்தார். கணுக்கால், முழங்கால், காதுமடல் என்று பத்துப் பதினைந்து ஊசி குத்தி, இருபது நிமிஷம் உட்காரவைத்து எடுத்தார். அப்புறம் பதினோரு பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜெபம் என்றால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது என்றுதான் மக்ரமுக்குப் பழக்கம். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொன்றாக, உரத்த குரலில் ஜெபித்தார்கள். கூடம் அதிர்ந்தது. யூன்சோ மண்டிபோட்டு ரிஃப்காவின் முழங்காலில் நெற்றியை வைத்திருந்தாள். ஜெபம் அவள் வாயில் அழுகையாக மாறி, அழுகை கேவலாக மாறி, மூச்சு வாங்க முடியாமல் முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது.

ரிஃப்கா குனிந்து அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்தாள். பிடித்தவள் அவளைத் தூக்கினாள். தூக்கியபோது தானும் எழுந்தாள்.

ஜெபம் ஒவ்வொரு வாயாக நின்றது. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அப்புறம் எல்லாப் பெண்களும் போட்டார்கள். போதகர் அயாத் "மகிமை, மகிமை" என்று கத்தினார். இரினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பத்துப் போன்கள் உயர்ந்தன. ரிஃப்கா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு சேர்ந்து நாலு அடி நடந்தாள், ஐந்து அடி நடந்தாள். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். அவள் முகத்தில் மக்ரம் கண்டது சந்தோஷமல்ல. தெருவில் முக்காடு நழுவிவிட்ட பெண்ணின் முகம் அது.

அவன் வாசலிலேயே நின்றான். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்றும் தெரிந்தது. ஆனால் கால் நகரவில்லை.

ஆட்டோவில் வீடு வரும்வரை அவள் அவன் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள். வாசலில் இறங்கும்போது அவன் பழக்கத்தில் கையை அவள் கக்கத்துக்கடியில் கொடுத்தான். அவளும் பழக்கத்தில் அந்தக் கைக்குள் வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியலில், வேலைக்குக் கிளம்பும் முன்னே, அவன் அவளை நிறுத்திப் பார்த்தான். முழங்கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது. மறுபடி நிறுத்தினான். மறுபடி மடங்கியது.

"விடுங்க" என்றாள் அவள். விட்டான்.

குவாரியில் அவனோடு கல் ஏற்றுகிற கலஃப், அவனைப் பார்த்ததும் முகத்தில் சுற்றியிருந்த துணியை இறக்கிவிட்டுப் போனை நீட்டினான். "நல்ல சேதிண்ணே! உலகமே பாத்துருச்சு. எங்க வீட்டுக்காரி பாத்துட்டு அழுதுட்டா. இது ஜெபத்தாலயா, ஊசியாலயா?"

"தெரியல."

"ஊசியாத்தான் இருக்கும். எங்க மாமாவுக்கு முதுகு பிடிச்சப்போ ஒரு சீனாக்காரன் இப்படித்தான் குத்தினான். சரி, இன்னிக்குக் காலையில எங்க நடந்தாங்க?"

"நடக்கல."

"நடக்கலயா?"

"நிக்கவே இல்ல."

கலஃப் போனைப் பார்த்தான், மக்ரமைப் பார்த்தான். "அப்போ இது?"

"அதுவும் அவதான்."

"அது எப்படிண்ணே?"

"எனக்கு என்னடா தெரியும்? கல்லைத் தூக்கு."

ரம்பம் ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றுபோனது. வெள்ளைப் புழுதி எழும்பி ஆளை ஆள் தெரியவில்லை. மக்ரம் நூறு கல் வரை எண்ணினான், அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனுக்கு எண்ணிக்கை தவறியதில்லை.

மத்தியானம் வீட்டுக்குள் நுழையவிடாமல் வர்தா தெருவிலேயே மறித்தாள்.

"பாத்தியாடா? நாலு வருஷம்! நாலு வருஷமா என் தம்பிய மாவு பிசைய வச்சுருக்கா. கொரியாக்காரி அழுதா எந்திரிப்பாளாம். நாம அழுதா எந்திரிக்க மாட்டாளாம்."

"அக்கா, வாய மூடு."

"நான் மூடறேன். ஊர் மூடுமா? அபூனா என்ன சொன்னார் தெரியுமா? நோன்புக்கு முன்னாடி அவர் பூசிவிட்ட எண்ணெய்தான் இப்ப வேலை செஞ்சுருக்காம், சுவிசேஷக்காரன் பேர் வாங்கிட்டுப் போயிட்டானாம். நீ என்னடான்னா இன்னும் அவளைத் தூக்கிட்டு அலையற. எண்ணெய், ஜெபம், ஊசி, எதுன்னாலும் சரி, காலு நின்னுச்சுல்ல? நின்ன காலு இன்னிக்கு ஏன் நிக்கல?"

மக்ரம் அவளைத் தாண்டி உள்ளே போனான். போதகர் அயாத் அவனுக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிக்கிடந்தது. வியர்த்து வியர்த்துக் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். கூடத்துக்கு மின்விசிறி வாங்கக்கூட ஆளாளிடம் கெஞ்சுகிறவர்.

"தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழியனுப்புக் கூட்டம். உங்க வீட்டம்மா வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொன்னா போதும். நாலு அடி நடந்தா போதும்."

"இவளால முடியல ஐயா."

"முடியும். விசுவாசம் வேணும். முதல்ல முடிஞ்சுச்சுல்ல?"

"அதான் எங்களுக்கும் தெரியல."

அயாத் ரிஃப்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

ரிஃப்கா தரையைப் பார்த்தபடி, "ஐயா, நான் வரமாட்டேன்" என்றாள். அவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "அந்தப் பொண்ணு சாப்பிடாம உபவாசம் இருக்கு, உனக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மக்ரம் குளிக்கவில்லை. புழுதியோடேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ரிஃப்கா, ஒண்ணு கேக்கறேன். நிசத்தைச் சொல்லு. நான் கோவிக்க மாட்டேன்."

"கேளுங்க."

"இந்த நாலு வருஷத்துல எப்பவாவது நீ நின்னிருக்கியா? நான் இல்லாதப்ப?"

அவள் கீரைத்தட்டை ஒதுக்கி வைத்தாள். "இல்ல."

"அப்போ நேத்து?"

"நின்னேன்."

"எப்படி?"

"எனக்குத் தெரியல இரினி அப்பா. அந்தப் பொண்ணுக்கு மூச்சு நின்னுரும் போல இருந்துச்சு. தூக்கணும்னு தோணிச்சு. என் காலு எனக்கு நினைப்புலயே இல்ல. நினைப்பு வந்தப்போ நின்னுட்டிருந்தேன். அத்தனை பேரும் பாத்தாங்க. பயமாயிருச்சு."

"என்ன பயம்?"

"நீங்க வாசல்ல நின்னுட்டிருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன்."

மக்ரம் கையிலிருந்த புழுதியைத் தேய்த்தான். உருண்டை உருண்டையாக வந்தது. "மாடியில இருந்து நீ விழுந்த அன்னிக்கு நான் எப்படித் துடிச்சேன்னு உனக்குத் தெரியும். இரினிக்குக் காய்ச்சல் வந்து பினாத்தினாளே, அம்மா அம்மான்னு. அப்போ எந்திரிக்கலியே. உனக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி அழுதா..."

"அன்னிக்கும் முயற்சி பண்ணினேன். முயற்சி பண்ணினா வரலை. நேத்து நான் முயற்சியே பண்ணல."

"அது என்ன பேச்சு?"

"பேச்சு இல்ல. நடந்ததைச் சொல்றேன்." அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அஸ்யூத் டாக்டர் சொன்னது நிசமாத்தான் இருக்கும் போல."

மக்ரம் தேய்ப்பதை நிறுத்தினான். இரண்டாம் வருஷம் அஸ்யூத் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, படத்தில் ஒன்றும் இல்லை, நரம்பிலும் ஒன்றும் இல்லை, மனசில் எங்கேயோ பிடித்திருக்கிறது என்றார். அதை அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வர்தா என்ன பேசுவாள் என்று தெரியும். ரிஃப்காவிடம் சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்று தெரியாது.

"உனக்கு யார் சொன்னா?"

"கதவு சாத்தலியே. கேட்டுச்சு."

"ரெண்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அடுப்படியில் இரினி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டாள். மக்ரம் எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டான். அவள் பொய்க்காரி என்றால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். கடவுள் செய்தார் என்றால் அழுகை வந்திருக்கும். இரண்டும் வராமல், தண்ணீர் தீர்ந்த பிறகும் வெறும் சொம்பைத் தலைக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை குவாரிக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு லிம்மும் யூன்சோவும் போதகரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தெருமுனையில் போலீஸ்காரர் ஒருவர் நிழல் தேடி வர்தா வீட்டு வாசலில் உட்கார்ந்தார். வர்தா அவருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

யூன்சோவின் உதடு வெடித்திருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த ரிஃப்காவைப் பார்த்ததும் அவள் பாயோரமாக முட்டிபோட்டு உட்கார்ந்தாள். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். லிம் அதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினார். சொன்ன பிறகு அயாத்தும் தயங்கினார்.

"என்ன கேக்குது?" என்றான் மக்ரம்.

"தன்கிட்ட ஏதாவது பாவம் இருக்கா, அதனாலதான் நிக்காம போச்சான்னு கேக்குது. அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஜெபிச்சுதாம். அம்மா எந்திரிக்கலயாம். இங்க எந்திரிச்சதும், ஆண்டவர் அம்மாவுக்குச் செய்யாதது ஏன்னு..." அயாத் மூக்கைத் தடவினார். "எனக்கே சரியா விளங்கல."

ரிஃப்கா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "பாவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. முதல்ல சாப்பிடச் சொல்லுங்க. இரினி, ரொட்டி எடுத்துட்டு வா, பாலாடைக்கட்டி... வேணாம், இது நம்ம பழைய கட்டி, அந்தப் பொண்ணு உப்பு தாங்காது. தக்காளி எடுத்துட்டு வா."

யூன்சோ ஒரு துண்டு பத்தாவ் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தாள். அது வாயில் நொறுங்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. எல்லோரும் அவள் மெல்லுவதையே பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரிஃப்கா மக்ரமின் சட்டை நுனியை இழுத்தாள். இழுத்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்தது. கழிப்பறை.

"இப்பவா?" என்றான் வாய்க்குள்ளேயே.

"காலையில இருந்து அடக்கிட்டிருக்கேன்."

விருந்தாளிகள் முன்னால் பெண்டாட்டியைத் தூக்கவும் முடியாது, தூக்காமலும் முடியாது. மக்ரம் குனிந்து வலக்கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்தான். கொரியாக்காரிக்கு யாரும் எதுவும் மொழிபெயர்க்கவில்லை. அவளாக ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து மறுபக்கத் தோளைப் பிடித்தாள். தப்பாகத்தான் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். மக்ரம் அவள் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். மூன்று பேருமாக முற்றத்தைக் கடந்தார்கள்.

முற்றத்தின் நடுவில் அவன் கையில் பாரம் குறைந்தது.

ஒரு நாளைக்கு அறுநூறு கல் தூக்குகிற கை. ரிஃப்காவின் பாரத்தை அந்தக் கைக்குத் தெரியும். நோன்பு காலத்தில் எவ்வளவு, பண்டிகை கழித்து எவ்வளவு என்றுகூடத் தெரியும். அது குறைந்தது. அந்தப் பெண் சுமந்ததாலா என்று அவன் அவள் பக்கம் பார்த்தான். அவளோ மூச்சு வாங்கிக்கொண்டு, தானே ரிஃப்காவின் மேல் சாய்ந்திருந்தாள், சாப்பிடாமல் கிடந்த பெண். மீதிப் பாரம் எங்கே போனது? மக்ரம் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் அது போய்விடும் போலிருந்தது. கழிப்பறை வாசலுக்கு வந்ததும் பாரம் முழுசாக அவன் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது லிம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அயாத், "சாயங்காலம் வர வேணாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

கூட்டத்துக்கு மக்ரம் இரினியைக் கூட்டிக்கொண்டு போனான், படம் வாங்கத்தான். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஆறு நாளையும் காட்டினார்கள். பூ வரைந்த பிள்ளைகள், வெட்டிய முடி, கோயில் சுவருக்கு அடித்த நீலப் பெயிண்ட். அப்புறம் ரிஃப்கா எழுந்து நின்றாள். பாட்டு போட்டிருந்தார்கள். கூட்டம் கைதட்டியது. மக்ரம் அவளைப் பார்க்கவில்லை, துணியின் ஓரத்தில் வாசலில் நின்றவனைப் பார்த்தான். கழுவியும் புழுதி போகாத முகம். களவு கொடுத்தவன் மாதிரி நின்றிருந்தான் அந்த ஆள்.

முன்வரிசையில் யாரோ, "அவ புருஷன் வந்திருக்கான், ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்று கத்தினார்கள். அயாத் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினார். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் மக்ரமைத் தள்ளிவிட்டார்கள். மைக் கையில் வந்துவிட்டது.

"அன்னிக்கு அவ நின்னா. நான் கண்ணால பாத்தேன்" என்றான். குரல் பெரிதாகக் கேட்டுத் திரும்பி வந்ததில் அவனே திடுக்கிட்டான். "மறுநாள் நிக்கல. அதையும் நான்தான் பாத்தேன். ரெண்டும் நிசம். எது எப்படின்னு எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு தலை கழுவிவிட்டுச்சு. அது மாதிரி நான் கழுவினதில்ல. அவ்வளவுதான்."

அயாத் அதை இங்கிலீஷில் சொன்னார். மக்ரம் சொன்னதில் பாதி நீளம்தான் இருந்தது. லிம் கொரிய பாஷையில் சொன்னார். அது இன்னும் குட்டையாக இருந்தது. கொரியாக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"என்னய்யா சொன்னீங்க?" என்றான் மக்ரம் ரகசியமாக.

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"பெறகு எதுக்குக் கைதட்டறாங்க?"

"எனக்கும் தெரியல தம்பி. நீயும் தட்டு."

யூன்சோ மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் அவளே படத்தை எடுத்து வந்து இரினியிடம் கொடுத்தாள். மக்ரமுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். அவனும் குனிந்தான். அவள் மறுபடி குனிந்தாள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் இருவரும் இரண்டு மூன்று தடவை குனிந்தார்கள். இரினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் போலீஸ் வண்டிகள் முன்னும் பின்னும் போக, மஞ்சள் சட்டைக்காரர்கள் போய்விட்டார்கள்.

மாதா பண்டிகை வந்து போனது. நோன்பு முடிந்து ஊரில் கறி வாசம் வீசியது. வர்தா கொஞ்ச நாள் பேசினாள். அப்புறம் யாரோ ஒருவன் வீட்டு எருமை கிணற்றில் விழுந்து, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ரிஃப்கா பாயில் இருந்தாள். மக்ரம் தூக்கினான், இறக்கினான். தலை கழுவும்போது மட்டும் தண்ணீரைக் கையில் வாங்கி ஊற்றிப் பார்த்தான். பாதி அவள் காதுக்குள் போனது. "பழைய மாதிரியே ஊத்துங்க சாமி" என்று அவள் கத்தினாள்.

செப்டம்பரில் ஒரு நாள் குவாரியில் ரம்பம் உடைந்துபோனது. பத்து மணிக்கே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். இரினி பள்ளிக்கூடத்தில் பேர் பதியப் போயிருந்தாள். மக்ரம் தன் வீட்டுச் சந்துக்குள் திரும்பிக் கதவருகே வந்து கையை வைத்தான். உள்ளே சத்தம் கேட்டது.

ஒரு காலடி. அப்புறம் தரையை உரசிக்கொண்டு இன்னொன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சுவரில் கை தேய்கிற சத்தம். மறுபடி ஒரு காலடி, ஓர் உரசல். முற்றத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வரை எண்ணினான். எண்ணிக்கை தவறவில்லை.

கதவைத் தள்ள ஒரு விரல் போதும். தள்ளினால் எல்லாம் தெரிந்துவிடும். என்னென்ன தெரிந்துவிடும் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. என்றிலிருந்து நடக்கிறாள்? நேற்றிலிருந்தா, போன மாசத்திலிருந்தா? யாரும் பார்க்காதபோது மட்டும்தான் கால் வருகிறதா? வாய் வரைக்கும் வந்தது சிரிப்பா, வசவா என்று பிரித்தறிய முடியவில்லை. அவன் கையைக் கதவிலிருந்து எடுத்துக்கொண்டான்.

சந்தின் கோடிக்குத் திரும்பிப் போனான். அங்கே நின்று கலபியா அங்கியைப் படீர் படீரென்று உதறினான். புழுதி எழும்பியது. பலமாக இருமினான். வர்தாவின் தலை சுவருக்கு மேலே வந்தது.

"என்னடா இன்னிக்குச் சீக்கிரம்? ஏன் வெயில்ல நின்னு உதறிக்கிட்டிருக்க?"

"ரம்பம் ஒடஞ்சுருச்சுக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினான். "அதான் சீக்கிரம் வந்துட்டேன்! வீட்டுக்குத்தான் போறேன்!"

"அதுக்கு எதுக்குடா கத்தற? எனக்கென்ன காதா செவிடு?"

அவன் மெதுவாக, செருப்பைத் தரையில் அடித்து அடித்து நடந்து வந்தான். கதவைத் திறந்தான். ரிஃப்கா பாயில் இருந்தாள். முக்காடு ஒருபக்கம் சரிந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. மார்பு ஏறி இறங்குவதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் உள்ளங்கையில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள்.

"ரம்பம் ஒடஞ்சுருச்சு."

"கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு."

அவன் தண்ணீர் மொண்டு குடித்தான். இன்னொரு சொம்பு மொண்டு அவளிடம் கொடுத்தான். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். சொம்பை வாங்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், வாசலைப் பார்த்தபடி சொன்னான்:

"நாளைக்கு ரம்பம் சரியாயிரும். ஒரு மணிக்குத்தான் வருவேன். அதுக்கு முன்னாடி வரமாட்டேன்."

ரிஃப்கா சரிந்திருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒரு மணிக்கா?"

"ஒரு மணிக்கு. வந்தா இருமிட்டுத்தான் வருவேன்."

"சரி" என்றாள் அவள்.